பிஜியின் வெளித்தீவுகளும் இணையமும்

1902-ஆம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில் பசிபிக் மகாசமுத்திரத்தினடியில் ஒரு தந்திக் கம்பி போட்டு முடிந்தது. கானடா தேசத்தின் மேற்குக் கரையிலுள்ள பாம்ஃபீல்டில் புறப்பட்டு, பானிங் என்ற சிறு பவளத் தீவைத் தொட்டு, பிஜியின் தலைநகரான சுவாவில் கரையேறி, நார்ஃபோக் தீவு வழியாக ஆஸ்திரேலியாவுக்கும் நியூஜிலாந்துக்கும் சென்ற கம்பி அது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் செய்தி பிற ராஜ்யத்தார் மண்ணைத் தொடாமல் உலகத்தைச் சுற்றிவர வேண்டும் என்பதே அதைப் போட்டவர்களின் மனோரதம். பிஜி அவர்களுக்கு ஒரு படிக்கல். அதற்கடுத்த வருஷம், 1903-இல், சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் பிஜிக்குப் போய்ச் சேர்ந்தது. ஸிட்னியிலிருந்த சர்க்கரைக் கம்பெனியின் உத்தரவு அன்றன்று தந்தியில் வரக்கூடிய அதே தீவில், லயன் அறையில் கிடந்த தமிழனுக்கு ஊர்ச் சேதி வர மாதங்கள் ஆயின. பலருக்கு வரவேயில்லை.

1879 முதல் 1916 வரை இவ்விதம் பிஜிக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியர் 60,000-க்கு மேற்பட்டவர். அவர்களில் ஏறக்குறைய 15,000 பேர் தென்னாட்டார். அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்து பாரதியார் பாடியதை அறியாத தமிழர் இல்லை. ஆதலால் பிஜியின் க்ஷேமத்தைப் பற்றி நாம் பேசுவது அயலார் வீட்டு வம்பு பேசுவதாகாது.

பிஜி 1970 அக்டோபர் 10-ஆம் தேதி சுதந்திர தேசமாயிற்று. தந்தியின் இடத்தில் தொலைபேசியும், அதற்குப் பின் பிராட்பேண்ட் என்று வழங்கும் அதிவேக இணையமும் வந்துவிட்டன. ஆயினும் கடலடிக் கம்பி சுவாவில் கரையேறுவதும், அதன் பயன் வெளித்தீவுக் குடியானவன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதும் இன்னமும் வெவ்வேறு விஷயங்களாகவே இருந்து வருகின்றன. முன்னது அந்நியருடைய தேவையை முன்னிட்டே நடந்தேறிவிடும். பின்னது அந்நாட்டுச் சர்க்கார் தன் பொக்கிஷத்திலிருந்து பணம் போட்டாலொழிய நடவாது. இதுவே நம் கட்சி.

கம்பிக்குப் பிஜியில் பஞ்சமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். சுவாவைத் தொட்டுச் சென்ற காம்பாக் என்ற தொலைபேசிக் கம்பி 1963-இல் திறக்கப்பட்டது. 1984-இல் அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. 2000-ஆம் வருஷம் ஆஸ்திரேலியாவையும் நியூஜிலாந்தையும் அமெரிக்காவோடு இணைத்த ‘சதர்ன் கிராஸ்’ என்ற கண்ணாடி இழைக் கம்பி பிஜி வழியாகவே சென்றது. அண்டைத் தீவு நாடுகள் அத்தனையும் செயற்கைக்கோளின் தயவை நம்பி, விலையோ அதிகம் வேகமோ குறைவு என்று தவித்த காலம் அது. பிறகு அந்த அண்டை நாடுகளே பிஜியைத் தேடி வந்தன. 2013-இல் டோங்காவும், 2014-இல் வனுவாட்டுவும், 2018-இல் ஸமோவாவும் தத்தம் கம்பிகளைச் சுவாவில் கொண்டுவந்து முடிந்தன. 2022-இல் ‘சதர்ன் கிராஸ் நெக்ஸ்ட்’ என்ற புதிய கம்பியின் கிளைகளும் பிஜிக்கு வந்தன. பூகோளம் கொடுத்த பாக்கியம் இது. ஸிட்னிக்கும் ஹவாய்க்கும் இடையே கடலில் கோடு கிழிக்கிறவன் எவனாயினும் பிஜியின் பக்கம் வந்தே தீரவேண்டும்.

ஆனால் அதே பூகோளம் உள்நாட்டில் வஞ்சனை செய்திருக்கிறது. பிஜி 330-க்கு மேற்பட்ட தீவுகளின் கூட்டம். அவற்றில் மூன்றிலொரு பங்கில்தான் ஜனங்கள் வசிக்கிறார்கள். நிலம் 18,000 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஆனால் அத்தேசத்துக்கு உரிமையான கடலோ ஏறக்குறைய 13 லட்சம் சதுர கிலோமீட்டர். 2017-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி பிரஜைகள் 8,84,887 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் விட்டிலேவு, வனுவாலேவு என்னும் இரு பெருந்தீவுகளில் இருக்கிறார்கள். மற்றவர்கள் லாவ், லோமாய்விட்டி, கண்டாவு, யசாவா ஆகிய தீவுக் கூட்டங்களிலும், சுவாவுக்கு வடக்கே 600 கிலோமீட்டருக்கு அப்பால் தன்னந்தனியாகக் கிடக்கும் ரொட்டூமாவிலுமாகச் சிதறிக் கிடக்கிறார்கள்.

கைப்பேசிக் கோபுரத்தின் அலை ஜனத்தொகையில் பெரும்பகுதியை எட்டிவிட்டது என்று கம்பெனிகள் பெருமை பேசுகின்றன. அதில் பொய்யில்லை. ஆனால் தலைகளை எண்ணுவது ஒரு கணக்கு; தீவுகளை எண்ணுவது இன்னொரு கணக்கு. இரு பெருந்தீவுகளின் நகரங்களிலும் கரும்பு வயல்களை ஒட்டிய சாலைகளிலும் கோபுரம் நட்டுவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு என்று எழுதிக்கொள்ளலாம். எஞ்சிய பத்துப் பேர் யார் என்றால், மருத்துவரில்லாத தீவில் இருப்பவர்கள், கப்பல் எப்போதாவது வரும் துறையில் காத்திருப்பவர்கள், உயர்தரப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை வேறு தீவுக்கு அனுப்புகிறவர்கள். யாருக்கு மிகவும் வேண்டுமோ அவர்களே கணக்கின் வாலில் நிற்கிறார்கள்.

இதற்குக் காரணம் எவருடைய கெட்ட எண்ணமுமன்று. கம்பியின் செலவு கம்பியின் நீளத்தைப் பொறுத்தது. அதன் வருமானம் மறுமுனையிலுள்ள ஜனங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 200 மைல் கம்பி போட்டாலும், அதன் முடிவில் 1,000 பேர் இருந்தாலும் 10,00,000 பேர் இருந்தாலும், கப்பலின் வாடகையும் கம்பியின் விலையும் ஒன்றே. மலையுச்சியில் கோபுரம் நட்டு வானொலி அலையால் தீவுக்குத் தீவு தாண்டுவது இதைவிட மலிவு. ஆனால் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரமில்லாத தீவில் சூரியத் தகடும் மின்கலமும் வேண்டும். இல்லையேல் டீசல் வேண்டும். டீசலுக்குக் கப்பல் வேண்டும். பழுது பார்க்க ஒருவன் போய்வரவே பலநாட் பிரயாணம். ஒரு வருஷத்து வருமானம் அந்த ஒரு பிரயாணத்துக்குக் காணாது. வியாபாரி இங்கே முதல் போடமாட்டான். போட்டால் அவன் வியாபாரியல்லன்.

இரண்டாவது பெருந்தீவாகிய வனுவாலேவின் கதையையே பார்க்கலாம். லம்பாசா, ஸவுஸவு என்ற ஊர்களையுடைய அத்தீவு வெளித்தீவன்று. கரும்பும் கொப்பரையும் விளையும் பெரிய பிரதேசம். அதுகூட மலையுச்சிக் கோபுரங்களின் அலைத்தொடரையே பெரிதும் நம்பியிருந்தது. 2018-இல் ஸமோவாவுக்கும் சுவாவுக்கும் இடையே கம்பி போட்டபோதுதான், உலக பாங்கியின் பண உதவியால் ஒரு கிளை ஸவுஸவுவில் இறங்கியது. 1902-இல் சுவா பெற்றதை வனுவாலேவு பெற 116 வருஷம் சென்றது. அதுவும் எப்படி? பிறர் போகிற வழியில் ஒரு கிளை வாங்கிக்கொண்டதால். தன் தேவைக்கென்று தனியே ஒரு கம்பி வேண்டுமென்றால் அத்தீவு இன்னமும் காத்திருந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

இணையம் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப்போய்விடும், மீன் பிடித்துக் கிழங்கு தின்று வாழ்கிறவனுக்கு அது எதற்கு என்று கேட்கும் பெரியோர் நம்மிடையேயும் உண்டு. (நகரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டே இதைக் கேட்பார்கள்.) அவர்கள் 2016 பிப்ரவரி 20-ஆம் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று வின்ஸ்டன் என்ற புயல் பிஜியைத் தாக்கியது. தென் பூகோளப் பாதியில் பதிவான புயல்களில் அத்தனை உக்கிரமானது வேறில்லை. 44 பேர் மாண்டனர். ஏறக்குறைய மூன்றரை லட்சம் ஜனங்கள், அதாவது தேசத்தில் பத்தில் நான்கு பேர், அதன் கொடுமைக்கு ஆளாயினர். கோரோ முதலிய தீவுகளோடு பேச்சே அறுந்துபோயிற்று. அங்கே உயிரோடிருப்பவர் எத்தனை பேர், நின்ற வீடு ஏதேனும் உண்டா என்பதை அறிய ஆகாயவிமானம் மேலே பறந்து பார்க்க வேண்டியிருந்தது. புயல் வருமுன் எச்சரிக்கை போவதும், போன பின் அரிசி எத்தனை மூட்டை, மருந்து எவ்வளவு என்று கேட்டறிவதும் சுகபோகக் காரியங்களா? 2020 டிசம்பரில் யாஸா என்ற புயல் வனுவாலேவைத் தாக்கியது. அடுத்தது வரும் நாளை எவரும் சொல்ல முடியாது. வரும் என்பதை எவரும் மறுக்கவும் முடியாது.

இனி, பணத்தின் சங்கதி. பிஜியின் வருமானத்தில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு உல்லாசப் பிரயாணிகளால் வருவது. தொற்றுநோய்க் காலத்தில் அவர்கள் வரவு நின்றது. 2020-இல் அத்தேசத்தின் பொருளாதாரம் 17 சதவீதம் சுருங்கியது. ஒரே தூணில் வீடு கட்டியவன் கதை. அப்போது கைகொடுத்தது ஆஸ்திரேலியாவிலும் நியூஜிலாந்திலும் பிரிட்டிஷ் பட்டாளத்திலும் உழைக்கும் பிஜியர் வீட்டுக்கு அனுப்பிய பணமே. 2022-இல் அந்தத் தொகை 100 கோடி பிஜி டாலரைத் தாண்டியது. இதில் ஒரு பகுதி இப்போது கைப்பேசிப் பணப்பை மூலம் வருகிறது. 2010-இலேயே பிஜியில் தொடங்கிய ஏற்பாடு அது. அலை எட்டும் ஊரில் தாய் திண்ணையிலிருந்தபடியே மகன் பணத்தைப் பெறுகிறாள். அலை எட்டாத தீவில் அவள் படகுக் கூலி கொடுத்துப் பக்கத்துத் தீவுக்குப் போகிறாள். வந்த பணத்தில் ஒரு பகுதி போகவரவே சரியாய்ப் போகிறது. 2021 ஏப்ரலில் மூடிய பள்ளிக்கூடங்கள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. அம்மாதங்களில் படித்த பிள்ளை எது, மாடு மேய்த்த பிள்ளை எது என்பதைக் கோபுரத்தின் தூரமே நிர்ணயித்தது.

சரி, யார் செய்வது? இங்கேதான் பிஜியின் விஷயம் மற்றச் சிறு தேசங்களினின்று வேறுபடுகிறது. 2008 வரை அங்கே கைப்பேசி ஒரு கம்பெனிக்கும், வெளிநாட்டுத் தொடர்பு இன்னொரு கம்பெனிக்கும் தனியுரிமையாக இருந்தன. அவ்வருஷம் தனியுரிமைகள் முடிவுக்கு வந்தன, டிஜிசெல் என்ற அந்நியக் கம்பெனி போட்டிக்கு வந்தது, விலை இறங்கியது. இதில் நமக்கு ஆட்சேபமில்லை; தனியுரிமையை நாம் ஒருபோதும் புகழ்ந்தவர்களல்லர். மறுபக்கத்தில் நிற்பது வோடபோன். பெயர் இங்கிலாந்தினுடையது, பங்குகள் 2014 முதல் பிஜியாருடையவை. அதையும் பழைய தொலைபேசிக் கம்பெனியையும் நடத்தும் தாய்க் கம்பெனியின் பெரும் பங்கு பிஜி தேசீய சேமநல நிதியின் கையில் இருக்கிறது. அந்த நிதி யாருடையது? மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் கொடுக்கும் தொழிலாளியினுடையது, குமாஸ்தாவினுடையது, உபாத்தியாயருடையது.

சுதேசியத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. தேசத்தின் கம்பியும் கோபுரமும் தேசத்து உழைப்பாளியின் சேமிப்பினாலானவை. ஆயினும் இந்த நல்ல ஏற்பாட்டிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. நஷ்டமென்று தெரிந்தே வெளித்தீவில் கோபுரம் நடு என்று அக்கம்பெனிக்குச் சர்க்கார் உத்தரவிட்டால், நஷ்டம் யார் தலையில் விழும்? சுவாத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தொழிலாளியின் முதுமைக்கால ரொட்டியில் விழும். இது தர்மமா? தீவுவாசிக்குச் செய்யும் கடமையைத் தேசம் முழுவதும் சேர்ந்து செய்யவேண்டுமேயன்றி, சேமநல நிதிக்குப் பணம் கட்டுகிறவன் மாத்திரம் செய்யவேண்டுமென்பது அநியாயம். ஆதலால் சர்க்கார் பொக்கிஷம் திறந்தாக வேண்டும் என்கிறோம்.

இதற்கு எதிர்வாதம் செய்கிறவர்கள் வானத்தைக் காட்டுகிறார்கள். முன்பெல்லாம் செயற்கைக்கோள் பூமிக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்றது. அனுப்பிய சொல் போய் வர அரை விநாடிக்குமேல் ஆகும். இருவர் பேசினால் ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் பேச்சு விழும். இப்போது ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கான சிறு கோள்களைப் பறக்கவிட்டிருக்கும் ‘ஸ்டார்லிங்க்’ என்ற அமெரிக்கச் சேவை வந்திருக்கிறது. பிஜி 2023-இல் அதற்கு அனுமதி கொடுத்தது. 2024-இல் சேவை தொடங்கியது. ஒரு தட்டை வாங்கிக் கூரையில் வைத்தால் ரொட்டூமாவிலும் இணையம். பிறகு சர்க்கார் பணம் எதற்கு, மானியம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி.

நியாயமான கேள்வியே. வின்ஸ்டன் புயல் போன்ற ஒன்று கோபுரங்களைச் சாய்த்துப் போட்ட மறுநாள் ஒரு படகில் ஏற்றிச் செல்லக்கூடிய தட்டு எத்தனை உயிரைக் காக்கும் என்பதை எண்ணுகையில், அதைப் பழிக்க நமக்கு நாவெழவில்லை. ஆனால் மூன்று விஷயங்களை அவர்கள் பேசுவதில்லை. தட்டையும் மாதக் கட்டணத்தையும் கொடுக்கக்கூடியவன் உல்லாச விடுதிக்காரன். கொப்பரை காயவைத்து விற்கிறவனல்லன். விடுதிக்காரனும் நகரத்துத் தனவந்தனும் தட்டுக்கு மாறிவிட்டால், அவர்கள் கொடுத்த கட்டணத்தால் ஓரளவு தாங்கிக்கொண்டிருந்த உள்நாட்டுக் கோபுரங்களின் வருமானம் குறையும். அப்போது ஏழைக்கு இருந்ததும் தேயும். அன்றியும், 2025 ஜூலை 24-ஆம் தேதி அந்தச் சேவை உலகமெங்கும் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் நின்றுபோயிற்று. பழுது அவர்களுடைய உள் இயந்திரத்தில், காத்திருந்தது உலகம். அமைதியான நாளாகையால் பாதகமில்லை. புயல் நாளாயிருந்தால்? அந்தக் கம்பெனியின் சொந்தக்காரரிடம் ஒரு சிறு தேசத்தின் மந்திரி என்ன அதிகாரத்தோடு பேச முடியும்?

ஆகவே நாம் தட்டு வேண்டாமென்று சொல்லவில்லை. தட்டு இருக்கட்டும்; பள்ளிக்கூடத்திலும் வைத்தியசாலையிலும் கிராமத் தலைவர் மண்டபத்திலும் பொதுவாக இருக்கட்டும்; அதற்கான பணத்தைச் சர்க்கார் கொடுக்கட்டும். தேசத்தின் வெளித்தீவுகள் முழுவதையும் ஓர் அந்நியக் கம்பெனியின் ஒரே நூலில் தொங்கவிட வேண்டாம் என்பதே நாம் சொல்வது.

ஒரே நூலில் தொங்குவது என்னவென்று பிஜியின் அண்டை வீட்டார் கண்டிருக்கிறார்கள். 2022 ஜனவரி 15-ஆம் தேதி டோங்காவின் கடலடி எரிமலை வெடித்தது. பிஜிக்கும் டோங்காவுக்கும் இடையிலிருந்த 827 கிலோமீட்டர் கம்பி துண்டு துண்டாயிற்று. அத்தேசத்துக்கு வெளியுலகத்தோடு இருந்த கம்பி அது ஒன்றே. வெளிநாட்டிலிருந்த டோங்கர்கள் தாய் தந்தையர் உயிரோடிருக்கிறார்களா என்று அறியாமல் நாட்களைக் கழித்தனர். பழுதுபார்க்கும் கப்பல் தொலைவிலிருந்து வந்து சேர்ந்து கம்பி சீராக ஐந்து வாரமாயிற்று. டோங்காவின் உள்தீவுகளை இணைத்த கம்பி சீராவதற்கோ ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. தலைநகரத்துக் கம்பி முந்துவதும் தீவுக் கம்பி பிந்துவதும் அங்கும் அப்படியே.

இயற்கை மாத்திரமன்று, ராஜ்ய தந்திரமும் கம்பியை அறுக்கும். நாம் தொடக்கத்தில் சொன்ன பானிங் தீவில் 1914 செப்டம்பரில் ஜெர்மன் யுத்தக் கப்பலொன்று வந்து அந்தத் தந்திக் கம்பியை வெட்டிப் போட்டது. யுத்தம் ஐரோப்பியருடையது, கம்பி அறுந்தது பசிபிக் தீவில். இன்று வெட்டுவதற்குப் பதிலாக வாங்குகிறார்கள். 2022-இல் டிஜிசெலின் பசிபிக் வியாபாரம் முழுவதையும் ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா கம்பெனி 160 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதில் 133 கோடி ஆஸ்திரேலிய சர்க்காரே கொடுத்த பணம். சீனா அங்கே காலூன்றிவிடக் கூடாது என்ற பயமே இந்த உதாரகுணத்துக்குக் காரணம் என்பதைக் கான்பெர்ராவில் எவரும் அதிகமாய் மறைக்கவுமில்லை. பிஜியின் இரண்டு கைப்பேசிக் கம்பெனிகளில் ஒன்று இவ்விதம் அயல் சர்க்காரின் கவலைக்குள் அடங்கிவிட்டது. மற்றொன்று பிஜியாரிடம் எஞ்சியிருக்கிறது. அதைக் காப்பாற்றிக்கொள்வது அவர்கள் கையில்.

2023-இல் கூகிள் கம்பெனி பிஜியையும் பிரெஞ்சுப் பாலினீசியாவையும் தொட்டு அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே புதுக் கம்பிகள் போடப்போவதாக அறிவித்தது. அவற்றில் ஒன்றுக்குத் ‘தம்புவா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தம்புவா என்பது திமிங்கிலத்தின் பல். பிஜியர் கலியாணத்திலும் சாவிலும் சமாதானம் கேட்கும்போதும் அதை இரு கைகளாலும் ஏந்திக் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டவன் கேட்டதை மறுக்கலாகாது என்பது அந்நாட்டு வழக்கம். பெயர் வைத்தவர்களுக்கு இந்த அர்த்தம் முழுவதும் தெரியுமோ தெரியாதோ, பிஜியின் மந்திரிகளுக்குத் தெரிந்திருக்கும். வாங்குகிறபோது, பதிலுக்கு என்ன கேட்கப்படும் என்பதை அவர்கள் முன்னதாகவே எண்ணிப் பார்ப்பது நலம். நாம் அவர்களிடத்தில் இருந்தால், கரையிறங்கும் அனுமதிக்கு விலையாக, கம்பியில் ஒரு பங்கு அலைவரிசையை வெளித்தீவுகளின் பேரால் எழுதி வாங்குவோம். வழித்தங்கலாயிருப்பவன் வாடகை கேட்பதில் வெட்கமென்ன?

சர்க்கார் மானியம் என்றவுடன் பொருளாதார நிபுணர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் சுவாத் துறைமுகத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். லாவுக்கும் ரொட்டூமாவுக்கும் போகும் கப்பல்கள் லாபத்துக்காகப் போகவில்லை. கட்டுபடியாகாத வழி என்று தெரிந்தே, அவ்வழியில் கப்பல் விடுகிறவருக்குச் சர்க்கார் பணம் கொடுக்கிறது. இந்த ஏற்பாடு நடைமுறையில் இருந்து வருவது. எவரும் அதைத் தானதர்மம் என்று ஏசுவதில்லை. கப்பல் போகாவிட்டால் அத்தீவு தேசத்தின் பாகமாயிராது என்பதை எல்லோரும் அறிவார்கள். அரிசி மூட்டைக்கும் மண்ணெண்ணெய்க்கும் செய்வதைக் கல்விக்கும் வைத்தியத்துக்கும் செய்திக்கும் செய்யக்கூடாதா? கப்பலுக்கு எப்படி வழி வழியாகக் கேட்பு வாங்கிக் குத்தகை விடுகிறார்களோ, அப்படியே தீவுக் கூட்டம் தீவுக் கூட்டமாக இணையத்துக்கும் குத்தகை விடட்டும். மிகக் குறைந்த மானியம் கேட்பவர் எவரோ அவர் எடுத்துக்கொள்ளட்டும். வோடபோனாயினும் டிஜிசெலாயினும் சரி. கம்பியா, கோபுரமா, தட்டா என்பதை அவரவர் தொழிலறிவுக்கு விட்டுவிடலாம். ஆனால் வேகம் இவ்வளவு, விலை சுவாவில் கொடுக்கும் விலையே, புயலுக்குப் பின் இத்தனை நாளுக்குள் சீராக வேண்டும், தவறினால் பணம் பிடிக்கப்படும் என்பவற்றைச் சர்க்கார் எழுதி வைத்துவிட வேண்டும்.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுகிறவர்கள் நம் சென்னைக் கடற்கரையைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து அந்தமான் நிகோபார் தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பி போடப்பட்டு 2020 ஆகஸ்டு 10-ஆம் தேதி திறக்கப்பட்டது. செலவு 1,224 கோடி ரூபாய். கொச்சியிலிருந்து லட்சத்தீவுகளுக்கு 1,072 கோடி ரூபாயில் இன்னொன்று 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. கவரத்தியும் மற்றப் பத்துத் தீவுகளும் அதனால் இணைந்தன. எந்த வியாபாரியும் இவற்றுக்கு முன்வரவில்லை, வந்திருக்கவும் மாட்டான். டெலிபோன் கம்பெனிகளின் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் சர்க்கார் பிடித்து வைக்கும் பொது நிதியிலிருந்து அந்தப் பணம் வந்தது. டில்லியில் பேசும் நகரத்துக்காரன் கொடுத்த காசில் கார் நிகோபாரிலிருப்பவனுக்குக் கம்பி வந்தது. பிஜியின் பொக்கிஷம் நம்முடையதைப்போல் பெரிதன்று, ஒவ்வொரு தீவுக்கும் கம்பி போட அதனால் ஆகாது, போடவும் வேண்டியதில்லை. ஆனால் நகரம் நாட்டுப்புறத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற நியாயத்துக்குப் பொக்கிஷத்தின் அளவு தடையன்று.

நாண்டியில் 1926-இல் ஸாது குப்புஸ்வாமி தோற்றுவித்த தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இந்நாளிலும் பள்ளிக்கூடங்களும் லம்பாசாவில் ஒரு தாதியர் கல்லூரியும் நடத்தி வருகிறது. அப்பள்ளிக்கூடங்களில் ஒப்பந்தக் கூலிகளின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளோடு பிஜியின் ஆதிக்குடிகளின் பிள்ளைகளும் ஏராளமாய்ப் படிக்கிறார்கள். சர்க்கார் கையை எதிர்பாராமல் குடிசையில் தொடங்கிய அந்தச் சங்கத்தாருக்கும், அவர்களைப் போன்ற பிற சபையாருக்கும், மிஷன் பள்ளிகளுக்கும் இவ்விஷயத்தில் வாய் உண்டு. இந்தியர், ஆதிக்குடியினர் என்ற பழைய பிணக்கை எழுப்பிவிட இதில் இடமே இல்லை. கரும்புப் பிரதேசத்து இந்தியனுக்குப் பெரும்பாலும் அலை வந்துவிட்டது. வெளித்தீவில் காத்திருப்பவர் அநேகமாய் ஆதிக்குடியினரும் ரொட்டூமருமே. அவர்களுக்காக நாண்டியிலும் பாவிலும் லம்பாசாவிலும் உள்ள நம்மவர் குரல் கொடுப்பார்களானால், பிஜியின் அரசியலில் இதுவரை கேட்டிராத ஒரு குரலாக அது இருக்கும்.

பிஜிச் சர்க்காரின் வருஷக்கணக்கு ஆகஸ்டில் தொடங்கி ஜூலையில் முடிகிறது. கணக்கில் கப்பல் மானியத்துக்கென்று இருக்கும் வரிக்குப் பக்கத்தில் இணைய மானியத்துக்கென்று இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்பதே பார்லிமெண்டு அங்கத்தினர் ஒவ்வொருவரிடமும் கேட்கவேண்டிய கேள்வி. தொகை முதலில் சிறிதாயிருந்தாலும் சரி, குத்தகையை ரொட்டூமாவிலும் லாவிலும் தொடங்கட்டும். கிட்டத்திலுள்ள தீவுகளை வியாபாரிகள் தாமே தேடி வருவார்கள்.